மங்கதாயாருக்குக் கொடுத்த தண்ணீர்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, சி.ஐ. காரு. எங்கள் காலனியில் போர் தண்ணீர்தான். சுண்ணாம்பு அதிகம், பருப்பு வேகவே நேரமாகும். இது கால்வாய்த் தண்ணீர் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு குடித்தேன், தொண்டைக்கு இதமாக இருந்தது.

ரைட்டர் நிதானமாக எழுதட்டும். நான் வேகமாகப் பேச மாட்டேன். காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன். கடைசி பெஞ்சில் இருப்பவனும் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்து பழகிவிட்டது.

நேற்று என் தம்பி ஒரு வக்கீலை அழைத்துவந்தான். நல்ல மனிதர். "மாஸ்டர் காரு, நீங்க ஒண்ணும் பெருசா சொல்ல வேண்டாம். 'எனக்குத் தெரியாது, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்'னு சொல்லிட்டுக் கம்முனு இருங்க. கவனக்குறைவுன்னு கேஸ் போயிடும். உங்க வயசுக்கு ஜட்ஜும் கொஞ்சம் பாத்துப்பாரு" என்றார். இந்த ஜில்லாவில் பாதிப் பேருக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன் நான். கேள்வி கேட்ட மாணவனிடமே 'தெரியாது' என்ற வார்த்தையை நான் சொன்னதில்லை. கோர்ட்டில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் நானே உங்களிடம் பேச வேண்டும் என்று கேட்டேன்.

என் மனைவி மங்கதாயாருவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தாராளமான கை. தெனாலியில் எங்கள் காலனியில் அவள் போடும் ஆவக்காய்க்கு இருந்த பேர் எனக்குக்கூடக் கிடையாது. கோடை வந்தால் வீட்டுக் கூடம் முழுக்க மாங்காய்த் துண்டு காயும். கடுகுப்பொடி நெடியில் எனக்கு அடுக்குத் தும்மல் வரும். ஜாடி நிறைந்ததும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டு சுபாஷிணிக்குப் போகும், அப்புறம்தான் என் தட்டுக்கு வரும்.

அவளிடம் ஒரே ஒரு குறை, வாய். கெட்ட வாய் என்று சொல்ல முடியாது. யாரையும் நோகடிக்க வேண்டும் என்று பேச மாட்டாள், சிரிக்க வைக்கத்தான் பேசுவாள். அந்தச் சிரிப்புக்கு எப்போதும் என்னையே எடுத்துக்கொள்வாள். கைக்கு எட்டின பொருள் நான்தான், அதனால் இருக்கும். கல்யாணமான புதிதில் எங்கள் ஹெட்மாஸ்டரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். அவர், "ஆஞ்சநேயுலு கிளாஸ்ல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்மா" என்று பெருமையாகச் சொன்னார். அவள் நெய்யை ஊற்றிக்கொண்டே, "கேக்காம என்னங்க? எல்லாப் புள்ளைங்களும் தூங்கிட்டா ஊசி சத்தம் நல்லாவே கேக்கும்" என்றாள். ஹெட்மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அன்று தொடங்கி நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். வீட்டில், கல்யாண வீடுகளில், ரயிலில், சம்பந்தி வீட்டில் எல்லா இடத்திலும்.

ஓய்வு பெற்ற பிறகு கிருஷ்ணை ஆற்றங்கரையில் நடந்த இயற்கை வைத்திய முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கே எனக்குப் பிடித்தது ஒழுங்கு. விடிந்ததும் வயிறு முட்டத் தண்ணீர். பிறகு எனிமா. உப்பில்லாத, எண்ணெயில்லாத சாப்பாடு. உடம்புக்குள் சேர்ந்த அழுக்குதான் எல்லா நோய்க்கும் காரணம், அதைக் கழுவினால் போதும் என்று தெளிவாகச் சொன்னார்கள். குழப்பமே இல்லை. திரும்பி வரும்போது ஒரு எனிமா டப்பாவும் ரப்பர் குழாயும் வாங்கிவந்து குளியலறை ஆணியில் மாட்டினேன்.

மங்கதாயாரு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தனை வருஷம் பசங்களுக்குக் காது வழியா ஏத்திப் பாத்தீங்க, ஒண்ணும் ஏறல. இப்ப வழிய மாத்திப் பாக்குறீங்களாக்கும்" என்றாள்.

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். கனத்த உடம்பு, மூட்டு வலி, பல நாள் மலச்சிக்கல். ஆரம்பத்தில் நல்ல பலன் இருந்தது, இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு இளைத்தது. மாடிப்படி ஏறினாள். "பரவாயில்லீங்க, உங்க பைப்புலயும் ஏதோ விஷயம் இருக்கு" என்று அவளே சொன்னாள். நானும் அவளோடு ஆரம்பித்தேன். எனக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது, அதனால் ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமர் கோயில் மண்டபத்தில் நான் பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு மண்டபம் நிறைந்தது. ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர்கூட முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயந்து கேட்டார்கள். இவர்கள் தாங்களாக வந்து கேட்டார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம், மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மேடைக்கு அழைத்தேன். அனுபவம் சொல்வது அங்கே வழக்கம். இளைத்தவர்கள், சர்க்கரை குறைந்தவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள், கூட்டம் கை தட்டும். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு எடை குறைஞ்சது நெசந்தான். முட்டி வலி குறைஞ்சதும் நெசந்தான். ஆனா அழுக்கெல்லாம் வெளிய போயிடுச்சான்னு கேட்டா எப்படிச் சொல்றது? பெரிய அழுக்கு ஒண்ணு இன்னும் வீட்டுக்குள்ளயே ஈஸிசேர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கு. அதுக்கு எந்த டப்பா வாங்குறதுன்னு மாஸ்டர் காருதான் சொல்லணும்."

மண்டபம் அதிர்ந்தது. தாசில்தார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சுபாஷிணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் முதல் எனிமாவை இரண்டு வேளையாக்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். மனதார நம்பியும் இருப்பேன்.

ஒரு டப்பா இரண்டாயிற்று, சில நாள் மூன்று. வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். முழங்கையில் ஊற்றிச் சூடு பார்ப்பேன். முனையில் எண்ணெய் தடவுவேன். ஒரு நாளும் அவளுக்கு வலித்ததில்லை. அவள் இடது பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் டப்பாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அன்று படித்த செய்திகளைச் சொல்வேன். அந்த நேரத்தில் மட்டும் அவள் குறுக்கே பேச மாட்டாள்.

ஆவக்காய் ஜாடியை எடுத்துக் கோயில் பூசாரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சமையலில் உப்பு ஏற்கெனவே கிடையாது. கொஞ்ச நாளில் அவளுக்குத் தலைவலி வந்தது, குமட்டல் வந்தது, கால் சதை இழுத்தது. மண்டபத்தில் சொன்னோம். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வாந்தியும் வருதா அண்ணி? அப்ப சரியாத்தான் வேலை செய்யுது. எனக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்றாள் ஒருத்தி.

"உள்ள இருக்கறது கெளம்பினா கொஞ்சம் ஆட்டம் காட்டத்தான் செய்யும்மா. இப்பப் போய் நிறுத்திடாதீங்க" என்றார் தாசில்தார்.

எங்களைப் போன்றவர்களின் கணக்கு அது. உடம்பு சரியானால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம். மோசமானால் அழுக்கு வெளியேறுகிறது என்று அர்த்தம். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். கணக்குத் தெரிந்தவன் நான், இந்தக் கணக்கில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். ஆனால் மண்டபத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. தண்ணீரைக் கூட்டினேன்.

ஒரு நாள் சமையலறையில் அவள் பின்பக்கமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்தேன். கீரை, திராட்சை கழுவ மட்டும் ஒரு பொட்டலம் கல் உப்பு வைத்திருந்தோம். அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து, குழந்தைகள் கல்கண்டை அடக்கிக்கொள்வதுபோல் நாக்குக்கு அடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் கன்னம் அசையாமல் நின்றாள்.

"வாய் கேக்கலீங்க. உடம்பு கேக்குது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

"பழக்கம் கேட்கிறது தாயாரு" என்றேன். அவள் துப்பும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பொட்டலத்தை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கீரையை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

அடுத்த வாரம் அவள் விரலில் ஆவக்காய் வாசனை வந்தது. சுபாஷிணி மதில்மேல் ஒரு கிண்ணத்தை நீட்டியிருக்கிறாள், இவள் அங்கேயே நின்று தின்றிருக்கிறாள். அன்று மத்தியானமும் எனிமா கொடுத்தேன். என் மகள் ப்ரசூனா அதைத் தண்டனை என்று உங்களிடம் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறாள். நான் தண்டிக்கவில்லை. உள்ளே போனதை வெளியே எடுத்தேன், அவ்வளவுதான். மங்கதாயாரு படுத்தபடியே, "ஒரு துண்டு மாங்காய்க்கு இவ்வளவு தண்ணியா? காலனி டாங்கே காலியாயிடும்போல" என்றாள். குரல் பலவீனமாக இருந்தது. அப்புறம் வெகுநாள் அவள் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

அந்த நாட்களைப் பற்றி உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் சம்சார வாழ்க்கையில் அவைதான் நல்ல நாட்கள். வீடு அமைதியாக இருந்தது. நான் பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை பேசினேன். சாப்பிட உட்கார்ந்தால் அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். ஒரு காலையில், கூடத்து ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டேன். வேறு சமயமாக இருந்தால் என் கேள்வியை வைத்துக் காலனிக்கே ஒரு கதை சொல்லியிருப்பாள். அன்று, "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளுக்குச் சில வார்த்தைகள் மறந்துபோயின என்பதும் உண்மை. தேங்காயைப் பூசணி என்றாள். ஒரு தடவை என்னை அவள் செத்துப்போன அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திருத்தினேன், திருத்தியதற்கும் "சரிங்க" என்றாள்.

ஒரு நாள் குளியலறையில் விழுந்தாள். சத்தம் கேட்டு சுபாஷிணி ஓடிவந்துவிட்டாள். கையை விடவே மாட்டேன் என்று ஆட்டோ பிடித்து, மார்க்கெட் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் வினீலா என்று ஒரு சின்னப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சார், நீங்க சயின்ஸ் டீச்சர்னு சொன்னாங்க. அதனால நேராவே சொல்றேன். அம்மா ரத்தத்துல உப்பு பாதாளத்துக்குப் போயிருக்கு. வெறும் தண்ணிய இத்தனை தடவ குடலுக்குள்ள விட்டா அது அங்கேயே நிக்காது சார், ரத்தத்துக்குப் போகும். இருக்கற உப்பையும் நீர்த்துப்போக வச்சிடும். மூளை வீங்க ஆரம்பிச்சிருக்கு. அதான் பேச்சு தடுமாறுது."

"எனிமா தப்பா அம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவோ ஒருதடவ, மலச்சிக்கலுக்கு, டாக்டர் சொல்ற அளவுல குடுத்தா அது வேற. தெனம் ரெண்டு மூணு தடவ, டப்பா டப்பாவா, சாப்பாட்டுல உப்பும் இல்லாம... நீங்களே ஒம்பதாங் கிளாஸுக்கு நடத்தியிருப்பீங்களே, தண்ணியில போட்ட உலர்ந்த திராட்சை என்ன ஆகும்னு?"

நடத்தியிருக்கிறேன். வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். கண்ணாடிக் குவளையில் திராட்சையைப் போட்டு, பீரியட் முடியும்போது அது உப்பியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண் சொல்லி எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. வக்கீலுக்கு நான் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

அவளுக்கு நரம்பு வழியாக உப்பு ஏற்றினார்கள். மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டுமாம். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் அவள் கண் தெளிந்தது. சாயங்காலம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் வந்து, நர்சும் சுபாஷிணியும் பக்கத்தில் நிற்க, "எப்படி இருக்கீங்கம்மா? வீட்டுல ஒரு நாளைக்கு எத்தன தடவ எனிமா குடுப்பாரு?" என்று கேட்டாள்.

மங்கதாயாரு என்னைப் பார்த்தாள். பழைய பார்வை. உதட்டு ஓரம் கொஞ்சம் ஏறியது. "கணக்கெல்லாம் யாரு வச்சாங்கம்மா? முனிசிபாலிட்டிக்காரன் ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறான், அதுவும் திட்டினாத்தான். எங்க வீட்டுக்காரரு ஒரு வேளை தப்ப விட்டதில்ல. இவரை அங்க கமிஷனராப் போட்டா ஊர்ல தண்ணிக் கஷ்டமே இருக்காது."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரித்தாள். சுபாஷிணி, "அப்பாடா, எங்க அக்கா திரும்பி வந்துட்டா" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த கட்டிலில் படுத்திருந்த கிழவர்கூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன், சி.ஐ. காரு.

இன்னும் சில நாள் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். மறுநாள் காலை நான் டிஸ்சார்ஜ் கேட்டேன். அவள் கத்தவில்லை, கெஞ்சினாள். "சரி, கூட்டிட்டுத்தான் போவேன்னா மூணு விஷயம் மட்டும் மறக்காதீங்க சார். எனிமாவ நிறுத்துங்க. தண்ணிய அளவா குடுங்க. சாப்பாட்டுல உப்பு போடுங்க. திரும்பத் தடுமாற ஆரம்பிச்சா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீங்க, உயிருக்கு ஆபத்து." நான் "சரிம்மா" என்றேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

ஆட்டோவில் மங்கதாயாரு வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். நர்சம்மாவின் தோடு, ஆஸ்பத்திரி இட்லி, பக்கத்துக் கட்டில் கிழவரின் குறட்டை, நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தது எல்லாம் வந்தது. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதையெல்லாம் சொல்லணும். நல்ல அனுபவம்" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மார்க்கெட்டில் புது மாங்காய் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் டப்பாவை ஆணியிலிருந்து எடுத்தேன்.

அவள் வேண்டாம் என்றாள். "டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?" என்று அதட்டினாள். இது வேறு, இதில் உப்பும் மருந்தும் கலந்திருக்கிறது, டாக்டரே ரகசியமாக என்னிடம் கொடுத்தது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். என் வார்த்தையை நம்பினாள். நம்பிக்கைக்குரிய மனிதன் என்று எனக்கு ஊரில் பேர் உண்டு. தண்ணீரில் கலந்தது ஒன்றுமில்லை.

சாப்பாட்டிலும் ஒன்றும் கலக்கவில்லை. சோற்றுக்கு உப்பு போட்டாயிற்று என்பேன். "நாக்கு செத்துப்போச்சுபோல, ஒண்ணும் தெரியலையே" என்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்பேன். ப்ரசூனா ஹைதராபாத்திலிருந்து தினம் போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு உப்பு போட்டுத்தான குடுக்குறீங்க?"

"போட்டுத்தான் கொடுக்கிறேன் அம்மா."

"அந்த டப்பாவத் தூக்கிப் போட்டீங்களா?"

"அன்றைக்கே."

"அம்மாட்ட குடுங்க."

மங்கதாயாரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "உங்கப்பா நல்லாப் பாத்துக்குறாரும்மா. ஒண்ணுக்கும் கொற இல்ல" என்றாள். அந்த வாரக் கடைசியில் வருவதாக ப்ரசூனா சொன்னாள். சுபாஷிணி கிண்ணத்தோடு கதவைத் தட்டினால், தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வீடு அமைதியானது. "நீங்க சொன்னா சரிங்க" திரும்பி வந்தது.

மகள் வருவதற்கு முதல் நாள் காலை. இதைத்தான் ரைட்டர் கவனமாக எழுத வேண்டும். நான் போனபோது அவள் விழித்திருந்தாள். பார்வை ஓரளவு தெளிவாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏங்க, மோருல ஒரு கல்லு உப்பு போட்டுக் குடுங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரு முன்னாடியும் சொல்ல மாட்டேன். நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் பேசாம உக்காந்திருக்கேன்."

நான் அசந்துபோனேன். டாக்டருக்குத் தெரியாதது, மகளுக்குத் தெரியாதது, எனக்கே அரைகுறையாகத் தெரிந்தது அவளுக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பீரோவைத் திறந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல் எடுத்தேன். மோர்க் குவளை மேஜையில் இருந்தது. விரலிடுக்கில் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். அவசரப்படாமல், இரண்டு பக்கமும் பார்த்து யோசித்தேன். அவள் கொடுத்த வாக்கு உண்மையானது. அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது உப்பில்லாத மங்கதாயாரு. உப்பு இறங்கினால் யார் எழுந்து உட்காருவாள் என்று நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அவள் எந்த வாக்கையும் காப்பாற்ற மாட்டாள். அவளால் முடியாது, அது அவள் சுபாவம்.

கல்லைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டேன். வெறும் மோரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, "இப்ப நல்லாருக்குங்க" என்றாள். பிறகு எப்போதும் போல எனிமா கொடுத்தேன், எப்போதும் கொடுப்பதைவிட ஒரு டப்பா அதிகமாக.

பகலில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோ ஸ்டாண்டு தெருமுனையில்தான் இருக்கிறது, டாக்டரின் நம்பர் என் போனில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலை கட்டிலில் இடிபடாமல் பிடித்துக்கொண்டேன். நின்றது, மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இதையெல்லாம் பதற்றத்தில் செய்யவில்லை, அப்படி எழுதிவிடாதீர்கள். சுபாஷிணி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தி, கதவை உடைக்க ஆள் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் அவளை வெறுத்தேன் என்று ப்ரசூனா சொல்கிறாள். அது சரியில்லை. எனக்கு அவள்மேல் பிரியம் உண்டு, அந்தக் கடைசி மாதங்களில் இருந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. அறியாமல் செய்தேன் என்று என் தம்பியும் வக்கீலும் சொல்கிறார்கள். அது அதைவிடத் தப்பு. அன்று காலையில் உப்பு கொடுத்து, அப்படியே ஆட்டோவில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் வினீலா உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அந்தப் பெண் சொன்னது சரி. அதில் எனக்கு மறுப்பே இல்லை, என் வாயாலேயே சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிழைத்திருந்தால், பேசியிருப்பாள்.